அப்பாவின் செல்போனைச் சாட்சியமாக ஒப்படைத்த அனுபவம்

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, மின்கட்டணம் பாக்கி இருப்பதாகவும் அன்றிரவே இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் அப்பாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவர், ஒரு நாளும் கட்டணத்தைத் தள்ளிப்போட்டவரல்ல. அந்தப் பதற்றத்தில் அதில் இருந்த எண்ணை அழைத்து, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பை, தம் போனில் நிறுவிவிட்டார். அரை மணி நேரத்துக்குள் மூன்று தவணைகளில் 2,85,000 ரூபாய் போய்விட்டது.

எனக்குச் செய்தி தெரிந்ததும் சைபர் குற்றப் புகார்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைத்தேன். கணக்கு எண், ஒவ்வொரு தொகையும் எடுக்கப்பட்ட நேரம், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் குறிப்பு எண்ணான யூடிஆர் எண் ஆகிய மூன்றைத்தான் முதலில் கேட்டார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. வங்கிக் கிளையிலோ திங்கட்கிழமை வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பதிலை நம்பிக் காத்திருந்தால் ஒரு ரூபாய்கூட மிஞ்சியிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இதற்கிடையில் அப்பா, அவமானம் தாங்காமல், அந்த வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டார். வைரஸ் போக வேண்டுமென்றால் போனை ரீசெட் செய்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, நானும் அதற்குத் தயாராக இருந்தேன். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலைய ஆய்வாளர் தொலைபேசியிலேயே தடுத்தார். அழித்த செய்தியின் தடயம் செயலியின் தரவுக் கோப்பில் சில காலம் தங்கியிருக்கக்கூடும் என்றும், ரீசெட் செய்தால் போனிலுள்ள தரவைத் திறக்கும் மறையாக்கச் சாவியே அழிந்துவிடும் என்பதால் ஆய்வகத்தாலும் எதையும் மீட்க முடியாது என்றும் விளக்கினார். ஏரோபிளேன் மோடில் போட்டு, எதையும் திறந்து பார்க்காமல் கொண்டுவரச் சொன்னார்.

நிலையத்தில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில், போனைக் கைப்பற்றியதற்கான மகஜர் எழுதினார்கள். போனின் நிறுவனம், மாடல், அதன் அடையாள எண்களான இரண்டு ஐஎம்இஐ எண்கள், திரையின் இடது மூலையில் இருந்த கீறல் உட்பட அனைத்தையும் குறித்து, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்ததை முழுவதுமாக வீடியோ எடுத்தார்கள்; புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 105-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாற்பது ஆண்டு பிறர் பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கட்டி முத்திரையிட்ட அப்பா, தம்முடைய போன் முத்திரையிடப்படுவதைத் தலைகுனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, நீங்கள் குற்றவாளியல்ல, புகார்தாரர்” என்று ஆய்வாளர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த வழக்கில் நானும் சாட்சியானேன். செயலியை நிறுவுவதற்கு முன்பு, “இது உண்மையா?” என்று கேட்டு, அந்த எண்ணின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏபிகே கோப்பையும் அப்பா எனக்கு அனுப்பியிருக்கிறார். வேலையில் இருந்ததால் நான் பார்க்கவில்லை. அவர் அழித்துவிட்ட செய்தியின் மிச்சம், நான் பதில் சொல்லாத அந்தச் செய்தியாக என் போனில் இருந்தது.

அதை அச்சிட்டுக் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலுடன் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று வழக்கறிஞர்கள் சொல்லிவந்ததன் தொடர்ச்சிதான் இது. சான்றிதழின் ‘அ’ பகுதியில் போனை வைத்திருந்தவர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன். ‘ஆ’ பகுதி நிபுணருக்கு உரியது. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, எழுத வேண்டும். 64 எழுத்துகளும் எண்களும் கலந்த அந்த வரிசையை ஆய்வாளர் இரண்டு முறை சரிபார்த்தார். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை அடியோடு மாறிவிடும் என்பதால், நீதிமன்றத்தில் காட்டப்படுவது அன்று எடுத்த அதே கோப்புதான் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இரண்டாவது கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 1,10,000 ரூபாய், குற்றவியல் நடுவரிடம் மனு அளித்து உத்தரவு பெற்ற பிறகு அப்பாவின் கணக்குக்குத் திரும்பியது. மீதித் தொகைக்கான விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவின் போன் இன்னும் தடய அறிவியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அவர் இப்போது வைத்திருக்கும் போனிலிருந்து ஏதாவது அனுப்பிக் கேட்டால், எந்த வேலையில் இருந்தாலும் உடனே எடுத்துப் பார்க்கிறேன்.