பச்சை கார்ன்ஃப்ளாரும் ராத்திரி அலாரமும்

குழந்தைக்கு கிளைக்கோஜன் சேமிப்பு நோய் 1ஏ என்று மரபணுச் சோதனையில் உறுதியான பிறகு, எங்கள் வீட்டில் முக்கிய மருந்து மளிகைக்கடையிலிருந்துதான் வருகிறது. கல்லீரலில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் நொதி வேலை செய்யாததால், உடல் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்துக்கு வராது. வயிறு காலியானால் சர்க்கரை இறங்கும்; ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம்), யூரிக் அமிலம், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எல்லாம் ஏறும். இதற்கு, மெதுவாகச் செரிக்கும் பச்சை (வேகவைக்காத) கார்ன்ஃப்ளார் 1984-லிருந்து வழக்கத்தில் இருக்கிறது.

வாங்க வேண்டியது வெள்ளை கார்ன்ஃப்ளார். மஞ்சள் மக்காச்சோள மாவும் கஸ்டர்ட் பவுடரும் ஆகாது. மாவைச் செரிக்க வைக்கும் கணைய நொதியான அமைலேஸ் போதுமான அளவு சுரக்க வேண்டும் என்பதால் 6 மாதத்துக்கு முன் தருவதில்லை. சிறு குழந்தைக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 1.6 கிராம், 3–4 மணி நேரத்துக்கு ஒருமுறை. 12 கிலோ எடை என்றால் வேளைக்குச் சுமார் 19 கிராம். டிஜிட்டல் தராசில்தான் நிறுக்க வேண்டும். ஸ்பூனில் அழுத்தி அள்ளினால் ஓர் அளவு, தளர அள்ளினால் வேறு அளவு. எடை கூடும்போது டாக்டரிடம் கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரில் கலக்கி, குடிக்கும் நேரத்தில் மறுபடி கலக்குங்கள். மாவு அடியில் தங்கிவிடும் என்பதால், டம்ளரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிட வேண்டும். சூடு பட்டால் மாவு வெந்து சீக்கிரம் செரித்துவிடும். சர்க்கரை சட்டென்று ஏறி, அடுத்த வேளைக்கு முன்பே இறங்கும். எலுமிச்சைச் சாறும் கூடாது. குளுக்கோஸ் பொடி சேர்த்தால் இன்சுலின் ஏறிக் காரியம் கெடும். பால், பழம், சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆரம்பத்தில் வயிறு உப்புசமும் பேதியும் வரலாம். அளவைப் படிப்படியாக ஏற்றுவது அதனால்தான்.

ராத்திரி வேளைதான் கஷ்டம். இரண்டு போனில் அலாரம், இரண்டு பேர் பொறுப்பு. குழந்தை நன்றாகத்தானே தூங்குகிறது என்று விட முடியாது: லாக்டேட் ஏறியிருக்கும்போது மூளை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்வதால், சர்க்கரை இறங்கியும் அறிகுறி தெரியாமல் போகலாம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போகக் கூடாது. குத்துவதற்கு முன் விரலைக் கழுவித் துடையுங்கள்.

வாந்தி வந்து மாவு தங்கவில்லையென்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் கையெழுத்திட்ட அவசரக் கடிதம் பையிலேயே இருக்கட்டும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: 10% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் உடனே, லாக்டேட் கலந்த ரிங்கர் லாக்டேட் டிரிப் கூடாது, குளுக்ககான் ஊசி கூடாது. தாழ்சர்க்கரை என்றதும் அவசரப் பிரிவில் கை போவது குளுக்ககான் ஊசிக்குத்தான். இந்த நோயில் அது சர்க்கரையை ஏற்றாது, லாக்டேட்டைத்தான் ஏற்றும்.