18456-க்குப் பின்னால் இருந்த இன்னொரு எண்

ஆபீஸின் கணக்கு மென்பொருளுக்கான டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருள்) போட்டு, பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும்வரை சிக்கல் இல்லை. சர்வரிலேயே உட்கார்ந்து திறந்தால் திறக்கிறது. அடுத்த அறையிலிருந்து திறந்தால் பிழை எண் 26: சர்வரையே காணவில்லை என்கிறது.

இந்தக் கட்டத்தில் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை. லாகின் கேட்கும் இடம்வரை இணைப்பு போகவே இல்லை. எக்ஸ்பிரஸைப் புதிதாக நிறுவினால், நெட்வொர்க் வழியே இணைய உதவும் டிசிபி/ஐபி அணைந்தே இருக்கும். கான்பிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கினேன். பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு ஓடும் எஸ்கியூஎல் சர்வர் நிறுவல்) என்பதால் போர்ட் எண், அதாவது இணைப்பு வந்து சேரும் வாசலின் எண், நிலையாக இருக்காது. அது எது என்று சொல்லவே எஸ்கியூஎல் பிரௌசர் சர்வீஸ் யுடிபி 1434-இல் இருக்கிறது. அதைச் சார்ந்திருக்காமல், 'ஐபி ஆல்' பகுதியில் டைனமிக் போர்ட்டை அழித்துவிட்டு 1433 என்று கொடுத்தேன். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் இது நடைமுறைக்கு வரும். ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்தேன். ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. ஊரார் பணக்கணக்கு இருக்கும் சர்வரில் அதைச் செய்யவே கூடாது. இன்னொன்று: சர்வர் பெயருக்கும் போர்ட்டுக்கும் நடுவே வருவது காற்புள்ளி, கோலன் அல்ல.

சரி, இப்போது பிழை 18456, ஸ்டேட் 1 (ஸ்டேட் என்பது பிழையின் காரணத்தைக் குறிக்கும் துணை எண்). லாகின் தோல்வி. பிழை மாறியதே முன்னேற்றம். சர்வர் பதில் பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த 1-ஐ வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. உள்ளே நுழையப் பார்ப்பவருக்குத் துப்புக் கிடைத்துவிடக் கூடாது என்று சர்வர் உண்மைக் காரணத்தை மறைக்கிறது. அது சர்வரின் எர்ரர் லாகில் (பிழைப் பதிவேட்டில்) இருக்கும். அங்கே ஸ்டேட் 5 என்றால் அப்படியொரு லாகினே இல்லை, 8 என்றால் பாஸ்வேர்டு தவறு. எனக்கு வந்தது 58. சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கிறது, மென்பொருளோ எஸ்கியூஎல் சர்வருக்குள்ளேயே உருவாக்கிய எஸ்கியூஎல் லாகினோடு வருகிறது. இரண்டு வகை லாகினையும் ஏற்கும் மிக்ஸட் மோடுக்கு மாற்றி மறுபடி ரீஸ்டார்ட்.

அதன் பிறகும் 18456; லாகில் ஸ்டேட் 38. லாகின் சரி, கேட்ட டேட்டாபேஸைத்தான் திறக்க முடியவில்லை. லாகின், யூசர் இரண்டின் பெயரும் ஒன்றாக இருந்தும் ஏன்? சர்வருக்குள் நுழைய விடும் லாகின்கள் சர்வரின் மாஸ்டர் டேட்டாபேஸில் இருக்கின்றன, டேட்டாபேஸுக்குள் நுழைய விடும் யூசர்கள் நம் டேட்டாபேஸில். இரண்டையும் சேர்ப்பது பெயர் அல்ல, எஸ்ஐடி என்ற அடையாள எண். புதிய சர்வரில் லாகினைப் புதிதாக உருவாக்கியபோது எஸ்ஐடியும் புதிதாகிவிட்டது. ரீஸ்டோரில் வந்த யூசர் பழைய எண்ணோடு அநாதையாக நின்றது. 'ஆல்ட்டர் யூசர்' கட்டளையில் 'வித் லாகின்' சேர்த்து ஓட்டியதும் இரண்டும் பொருந்தின. இந்த இடத்தில் மென்பொருளுக்கு 'எஸ்ஏ' என்ற தலைமை நிர்வாகி லாகினைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வது பெரிய ஆபத்து. சர்வர் முழுவதன் சாவியையும் ஒரு செயலியிடம் கொடுத்துவிடுகிறோம்.

இப்போதெல்லாம் பேக்கப் எடுக்கும்போதே பழைய சர்வரின் லாகின்களை எஸ்ஐடியோடும் பாஸ்வேர்டின் மறைத்த வடிவமான ஹேஷோடும் ஸ்கிரிப்டாக எடுத்துவிடுகிறேன். புதிய சர்வரில் முதலில் அதை ஓட்டி, பிறகே ரீஸ்டோர் செய்கிறேன்.