நாலாயிரத்து ஐநூறு லிட்டர்

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றில் தீயணைப்பு வண்டி ஓட்டினேன். ஓட்டுவது பாதி வேலைதான். இடம் போய்ச் சேர்ந்ததும் பம்பைப் பார்த்துக்கொள்வதும் ஓட்டுநரே.

எங்கள் நிலையத்தில் இருந்தது வாட்டர் டெண்டர் ஒன்று, தண்ணீர் டாங்கும் பம்பும் உள்ள வண்டி. 4,500 லிட்டர். கேட்க நிறையத் தோன்றும். நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் ஒரு குழாயில் அடித்தால் 10 நிமிடம். இரண்டு குழாய் பிடித்தால் 5. அதற்குள் அடுத்த தண்ணீருக்கு வழி பார்த்துவிட வேண்டும்.

ஒரு சித்திரை மாத மதியம், வைக்கோல் படப்பில் தீ. வைக்கோல் தீ பொல்லாதது. மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பிரித்துப் போட்டுப் போட்டு நனைக்க வேண்டும். டாங்க் காலி. பக்கத்தில் கிணறு இருந்தது. தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை இறக்கி, அதிலுள்ள காற்றை வெளியேற்றும் பிரைமரைப் போட்டு, அழுத்த மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஏறினால் பம்பின் சத்தம் கனக்கும். அன்று கனக்கவே இல்லை. வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளித்தான் குழாயில் தண்ணீர் ஏறுகிறது; நடைமுறையில் 7 மீட்டர் வரைதான் ஏறும். எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் இதுதான் கதை. அந்தக் கிணற்றில் தண்ணீர் 40 அடியில் கிடந்தது.

"ஏன் சார், அரை டாங்க் தண்ணியோடவா வந்தீங்க?" என்றார் படப்புக்காரர். முழு டாங்க்தான் ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வருஷத்து மாட்டுத்தீனி அவருக்கு அது. பக்கத்து நிலையத்திலிருந்து 12,000 லிட்டர் பவுசர், அதாவது பெரிய தண்ணீர் வண்டி, வந்து சேர்ந்தபோது பாதிப் படப்பு கருகியிருந்தது.

மற்ற வண்டிகளுக்கும் தனித்தனி வேலை உண்டு. பெட்ரோல், டீசல் பற்றினால் ஃபோம் டெண்டர்தான் வர வேண்டும். தண்ணீரை அடித்தால் எண்ணெய் அதன்மேல் மிதந்து தீயோடு பரவும். நுரையோ மேலே போர்வையாக மூடிக் காற்றைத் தடுக்கும். நெடுஞ்சாலை விபத்தில் நசுங்கிய கேபினுக்குள் சிக்கியவரை எடுக்க, தகரத்தை வெட்டும் ஹைட்ராலிக் கட்டரும் நெம்பி விரிக்கும் ஸ்ப்ரெடரும் உள்ள ரெஸ்க்யூ டெண்டர். சென்னையில் அடுக்குமாடிகளுக்கு 54 மீட்டர் எட்டும் ஸ்கைலிஃப்ட் இருக்கிறது. பயிற்சிக்குப் போனபோது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன், அழகான வண்டி. ஆனால் எங்கள் மாதிரி வறண்ட பக்கத்து நிலையம் ஒவ்வொன்றிலும் வாட்டர் டெண்டரோடு ஒரு பவுசரும் நிற்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். அந்தக் கிணற்றடியில் நின்றவன் வேறு எதைக் கேட்பான்?

அன்று நிலையம் திரும்பும்போது இருட்டிவிட்டது. முகம் கழுவக்கூட யாரும் இறங்கிப் போகவில்லை. முதலில் வண்டியைத் தொட்டிப் பக்கம் நிறுத்தி, குழாயை மாட்டி, டாங்க் விளிம்பு வரை நிரம்பி வழிகிற வரை கூடவே நின்றோம். அப்புறம்தான் சாப்பாடு.