முருகேசன் பெயரில் ஒரு ஓட்டு

2024 ஏப்ரல் 19-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. நான் இங்கிலாந்தில் மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த மை வைத்த விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தப்பா, சித்தி, மதினி, முதல் ஓட்டுப் போட்ட அக்கா மகள் என்று வரிசையாக. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் போயாக வேண்டும். சங்கரன்கோவிலுக்குப் போய்வரும் செலவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனிதர், தேர்தல் நாளில் காலை ஏழு மணிக்குச் சாவடி வாசலில் முதல் பத்து ஆளில் நிற்காவிட்டால் அவருக்கு அன்றைய காபி இறங்காது.

ஒரு மாதம் கழித்து, மே 22-ஆம் தேதி, அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் டவுனிங் தெருவில் குடைகூட இல்லாமல் மழையில் நனைந்தபடி ஜூலை 4-இல் தேர்தல் என்று அறிவித்தார். மறுநாள் அலுவலகத்தில் பேச்செல்லாம் அவருடைய கோட்டு நனைந்ததைப் பற்றித்தான். எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நைஜீரிய நண்பர், "நீ பதிவு பண்ணிட்டியா?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நான் இருப்பது வேலை விசாவில். குடியுரிமை கிடையாது, நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் இன்னும் வரவில்லை.

கிண்டல் இல்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவில் இங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இந்தியர், இலங்கையர், பாகிஸ்தானியர், நைஜீரியர், ஆஸ்திரேலியர் எல்லோருக்கும் இது உண்டு. பேரரசு போன பிறகும் மிச்சமிருக்கும் பழைய ஏற்பாடு. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரச் சக ஊழியரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இருபது வருடத்துக்கு மேலாக இங்கே வரி கட்டுகிறார், இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று 2016-இல் கேட்டபோதும் அவருக்கு ஓட்டு இல்லை, இப்போதும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலோடு சரி. "வந்து நான்கு வருஷம்தானே ஆகுது உனக்கு?" என்று ஒரு தடவை கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தச் சமயத்தில் டிவியைத் திறந்தால் ருவாண்டா பேச்சுதான். படகில் வருகிறவர்களை விமானமேற்றி அங்கே அனுப்புவோம் என்பது சுனக் அரசின் திட்டம். ருவாண்டா 2009-இல் காமன்வெல்த்தில் சேர்ந்த நாடு. ஆகவே இங்கே விசாவோடு வசிக்கும் ருவாண்டாக்காரர் அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போடலாம், பிரெஞ்சுக்காரர் போட முடியாது. இதை டீ நேரத்தில் எடுத்துவிட்டேன். யாரும் நம்பவில்லை. போனில் தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

பதிவு செய்வது ஐந்து நிமிட வேலை என்று அரசாங்கத்து இணையதளம் சொன்னது. பொய் இல்லை. விலாசம், பிறந்த தேதி, எந்த நாட்டுக் குடிமகன், தேசியக் காப்பீட்டு எண், அவ்வளவுதான். என் தொல்லை முதல் கட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டது. முதல் பெயர், கடைசிப் பெயர்.

நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ஊரில் நான் மு. செந்தில்குமார். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஏஜென்ட் அப்பா பெயரை விரித்து எழுதிவிட்டார். அதிலிருந்து விமானத்திலும் வங்கியிலும் சம்பளச் சீட்டிலும் நான் மிஸ்டர் முருகேசன். அன்று ராத்திரி அரைத்தூக்கத்தில் படிவத்தை நிரப்பியபோது கை பழைய வழக்கத்துக்குப் போயிற்று. முதல் பெயர் செந்தில்குமார், கடைசிப் பெயர் 'எம்'. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. சரி, ஒரு எழுத்துதானே என்று விட்டுவிட்டேன்.

பத்து நாளில் கவுன்சிலின் தேர்தல் பிரிவிலிருந்து கடிதம். அரசாங்கப் பதிவேட்டில் உங்கள் விவரம் பொருந்தவில்லை, அடையாள ஆவணம் அனுப்புங்கள். கடைசித் தேதி ஜூன் 18 என்பதால் வயிற்றில் கொஞ்சம் புளி கரைத்தது. போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினார், ஆனால் 'எம்' என்பது என் அப்பா என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. "அப்படியென்றால் உங்கள் குடும்பப் பெயர்தான் என்ன?" என்றார். "எங்களுக்கு அது கிடையாது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே போட்டுவிடலாம் என்று அவரே வழி சொன்னார். பாஸ்போர்ட் நகலும் விசா அட்டை நகலும் மின்னஞ்சலில் போயின. நான்காவது நாள் பட்டியலில் சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. யாருக்கும் இது நேர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் போடுங்கள், இனிஷியலை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

என் மனைவிக்குப் பிரச்சினை இல்லை. அவளுடைய கடைசிப் பெயர் செந்தில்குமார். வாக்காளர் அட்டைகள் தபாலில் வந்தபோது ஒன்று மிஸ்டர் முருகேசனுக்கு, மற்றொன்று மிஸஸ் செந்தில்குமாருக்கு. தவறிப்போய் இரண்டும் பக்கத்து வீட்டில் விழுந்திருந்தன. அந்தப் பெரியவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டிருக்கிறாயா என்று கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். பின்பக்கச் சுவர் அரை ஆள் உயரம்தான், அவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், நான் துணி காயப்போடுவேன், இடையில் பிரிட்டிஷ் அரசியல் நடக்கும். முழங்கால் அறுவைக்கு ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம் இங்கே வந்து குவிகிற ஆட்கள். தேர்தல் அறிவித்த மறுநாள்தான் குடியேற்றக் கணக்கு வெளியானது. அன்றைய மதிப்பீட்டில், 2023-இல் வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால் 6,85,000 பேர். அந்த எண்ணை அவர் மனப்பாடமாகச் சொல்வார். சொல்லிவிட்டு உடனே, "உன்னைச் சொல்லவில்லை, சென்" என்பார். ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு வாக்கியம். அந்த 6,85,000-இல் நான் இல்லைதான், நான் வந்தது அதற்கு முந்தி. ஆனால் என் மனைவி இருக்கிறாள். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டு ஒரு நாள் சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, "அவள் ஆஸ்பத்திரி லேபில் அல்லவா வேலை பார்க்கிறாள்" என்றார், ஏதோ அதனால் கணக்கில் வரமாட்டாள் என்பதுபோல. குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சிக்குத்தான் என் ஓட்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. நான் யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, போய்விட்டு வா, வீணாக்காதே என்றார்.

பிரசாரம் என்று ஒன்று நடந்ததா என்றே ஊரிலிருந்து வந்தவனுக்குச் சந்தேகம் வரும். ஒலிபெருக்கி இல்லை, சுவர் விளம்பரம் இல்லை. வேட்பாளருக்கு ஒரு தடவை தபால் இலவசம் என்பதால் துண்டுப் பிரசுரங்கள் மட்டும் வாசல் ஓட்டை வழியாக விழுந்தன. ஒரு சாயங்காலம் தொழிற்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். எது உங்களுக்கு முக்கியம் என்று கேட்டார் அந்த இளைஞர். விசாவில் இருப்பவர்கள் அரசு மருத்துவத்துக்குக் கட்டும் கூடுதல் கட்டணம் என்றேன். அந்தப் பிப்ரவரியில்தான் ஆளுக்கு வருடத்துக்கு 624 பவுண்டாக இருந்ததை 1,035 ஆக்கியிருந்தார்கள். மார்ச்சில் விசாவைப் புதுப்பித்தபோது மூன்று வருடத்துக்கு 3,105 பவுண்டு ஒரே தவணையில் போயிற்று. வருமான வரியும் காப்பீடும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அதற்கு மேல் இது. இப்படி ஒரு கட்டணம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. குறித்துக்கொண்டார். குடியேற்றத்தைக் குறைப்போம் என்பதில் மட்டும் இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே குரல். அந்தப் பேச்சில் நான் குறைக்கப்பட வேண்டிய எண். அவர் கையிலிருந்த பட்டியலில் ஓட்டு. இரண்டும் நான்தான் என்பது எனக்குக் கடைசி வரை செரிக்கவில்லை.

ஜூலை 4, வியாழக்கிழமை. விடுமுறை கிடையாது, காலை ஏழு முதல் இரவு பத்து வரை சாவடி திறந்திருக்கும், வேலைக்கு முன்போ பின்போ போய்க்கொள்ள வேண்டியதுதான். எங்கள் சாவடி ஒரு சர்ச் மண்டபம். ஏழடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு ஆள், ஒரு நாய். வாசலில் சட்டையில் ரிப்பன் பூ குத்திய ஒரு அம்மாள் என் வாக்காளர் எண்ணைக் கேட்டார். அதிகாரி என்று நினைத்து ஒப்பித்துவிட்டேன். அவர் கட்சிக்காரர், யார் யார் போட்டுவிட்டார்கள் என்று கணக்கெடுக்கிறார், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

புகைப்பட அடையாளம் இல்லாமல் சீட்டுத் தரமாட்டார்கள். 2023 மே முதல் இந்த விதி, அதற்கு முன் பெயரும் விலாசமும் சொன்னால் போதுமாம். இந்தியப் பாஸ்போர்ட் செல்லும், அப்போது தந்துகொண்டிருந்த விசா அட்டையும் செல்லும். முதியோரின் பஸ் பாஸ் செல்லும், இளைஞரின் ரயில் அட்டை செல்லாது. இதில் யாருக்கு என்ன லாபம் என்று அலுவலகத்தில் ஒரு வாரம் சண்டை ஓடியது. நான் விசா அட்டையை நீட்டினேன். மேசையில் இருந்த பெண் பெயரும் விலாசமும் கேட்டார். "செந்தில்குமார்" என்றேன், வீட்டு எண் சொன்னேன். அடிக்கோலை எங்கள் தெருவின் பெயர்களுக்கு மேல் வைத்து மெல்லக் கீழே இறக்கினார். அடிக்கோல் நின்றது.

"முருகேசன்?" என்று சத்தமாகக் கேட்டார்.

ஏழு மணிக்கு ஒரு வாக்குச்சாவடியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் யாருமில்லை. ஆமாம் என்றேன். அடிக்கோலை வைத்து அந்தப் பெயர்மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

பக்கத்தில் இருந்தவர் சீட்டைக் கிழித்து, அதன் எண்ணுக்கு நேரே என் வாக்காளர் எண்ணைத் தனித்தாளில் எழுதினார். ரகசிய ஓட்டில் இதென்ன என்று எனக்கு உறுத்தியது. முறைகேடு என்று வழக்கு வந்தால் பார்க்க மட்டும் என்றார், முத்திரை வைத்து ஒரு வருடம் வைத்திருந்து அழித்துவிடுவார்களாம். சீட்டை வாங்கிய கையோடு நான் இடது சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மை இங்கே கிடையாது. அசடு வழிந்தபடி தடுப்புக்குப் பின்னால் போனேன். பலகை, கயிற்றில் கட்டிய பென்சில், ஏழு பெயர்கள். பென்சிலால் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று சொந்தப் பேனா கொண்டுவருகிறவர்கள் உண்டு, அதற்கும் தடையில்லை. நான் பென்சிலிலேயே பெருக்கல் குறி போட்டேன். மடித்துப் பெட்டியில் போட்டு வெளியே வந்தபோது மணி 7.09.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "நம்ம ஆளுக்குத்தானலே போட்டே?" என்றாள். சுனக் யார்க்‌ஷையரில் நிற்கிறார், எங்கள் தொகுதியில் இல்லை என்றேன். அப்ப அந்த ஊர்லயும் எம்பிக்குத்தானா என்று சப்பென்று ஆகிவிட்டது அவளுக்கு.

ராத்திரி பத்து அடித்ததும் கருத்துக்கணிப்பு தொழிற்கட்சிக்கு 410 இடம் என்றது. எண்ணி முடித்தபோது 411. ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் ஈழத் தமிழ்க் குடும்பத்தில் வந்த உமா குமரன் ஜெயித்த செய்தி அதற்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் கொதித்துக்கொண்டிருந்தார். தொழிற்கட்சி வாங்கியது 33.7 சதவீதம், இடம் 411. ரிஃபார்முக்கு 14.3 சதவீதம், இடம் ஐந்து. இது என்ன ஜனநாயகம் என்றார். எங்கள் மாநிலத்தில் போன மாதம் ஒரு கூட்டணி 39-க்கு 39 ஜெயித்தது, 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கட்சிக்கு ஒன்றுகூட இல்லை, இந்த முறையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அது எங்கள் தப்புத்தான்" என்று சொல்லி நான்கு தக்காளி பறித்துத் தந்தார்.

ஆகஸ்டில் கவுன்சிலிலிருந்து வருடாந்திரச் சரிபார்ப்புக் கடிதம் வந்தது. இந்த வீட்டு வாக்காளர்கள்: முருகேசன், செந்தில்குமார். மாற்றம் இல்லையென்றால் பதில் அனுப்ப வேண்டியதில்லை. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. "ஏலே, அப்பா பேரு முதல்ல இருக்குல்லா?"