முத்தையன்கட்டில் தூண்டிலும் கொட்டிலும்

வன்னியில் குளத்தோரம் தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்கள் முதலில் தூண்டிலைப் பற்றித்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால், கொட்டிலை எங்கே போடுவது என்பதே முதற்கேள்வி. மாரியில் நீர் மூடிக் கோடையில் வெளிப்படும் அலைகரை, தூரத்திலிருந்து பார்க்கும்போது புல் விரித்த நல்ல படுக்கையாகத் தோன்றும். ஆனால் அந்தப் புல்லுக்காகவும் தண்ணீருக்காகவுமே பொழுது சாய்ந்ததும் யானைகள் காட்டிலிருந்து இறங்குகின்றன; பகலில் அதே கரையில் முதலைகள் ஏறி வெயில் காய்கின்றன.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், பேராற்றை மறித்துக் கட்டப்பட்ட முத்தையன்கட்டுக் குளத்தில், நாங்கள் சாக்குகளை இறக்கிவைத்த இடத்தைப் பார்த்த வலைகாரர் ஒருவர், "தம்பி, உது யானை வாற வழி, அங்கால மேட்டுக்குப் போங்கோ" என்றார். காலடியில் கிடந்த இலத்தி இன்னும் ஈரமாகவே இருந்தது. மேட்டிலும் பாலை மரத்தடியைத் தவிர்த்தோம். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும்போது கரடிகள் அதைத் தேடி வருவதுண்டு. போர் முடிந்தது 2009 இல் என்றாலும் மிதிவெடி அபாயம் எல்லா இடத்திலும் நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. ஆகவே விறகு பொறுக்கவும் ஊரார் நடந்து பழகிய தடத்தை விட்டு விலகக் கூடாது.

இனி மீன். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவே இன்று நம் குளங்களில் தாராளமாகக் கிடைக்கிறது. நீர் வற்றும் காலத்தில், ஆழமில்லாத சேற்றில் தட்டுப் போன்ற வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். அவை ஆண் மீன்கள் தோண்டிய கூடுகள். முட்டையைத் தாய் வாய்க்குள் வைத்துப் பொரிக்கிறது. குஞ்சுகளும் ஆபத்து என்றால் திரும்ப அதே வாய்க்குள் புகுந்துகொள்கின்றன. பாண் உருண்டைக்கும் மண்புழுவுக்கும் திலாப்பியா எளிதில் வரும். விரால் அப்படியன்று. அதற்குத் தவளை கோத்து, தாமரையும் புல்லும் அடர்ந்த ஓரத்தில் பொறுமையாக இழுக்க வேண்டும். நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் கொதிப்பது தெரிந்தால், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கின்றன என்று பொருள். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் அவை சீறிப் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது சுலபம், ஆனால் காவலற்றுப் போகும் குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும் என்பதால் நான் போடுவதில்லை.

பிடித்த விராலைச் சாம்பல் தேய்த்தால்தான் வழுவழுப்புப் போய் கத்தி நிற்கும். சேற்று மணத்துக்குப் பழப்புளி போதும். உப்பும் மிளகாய்த்தூளும் பூசித் தணலில் வாட்டிய மீனுக்கு ரொட்டியைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை.

இரவு நெருப்பை அணைய விடாதிருப்பதும், இருட்டிய பின் முகம் கழுவக்கூட நீர்க்கரைக்குப் போகாதிருப்பதும் எங்கள் கட்டாய ஒழுங்கு. நுளம்புவலையும் அவசியம். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. கடிப்பதை நிறுத்தச் சொல்லி நுளம்புகளுக்கு எவரும் அறிவிக்கவில்லை.

விடிகாலையில் வலைத் தோணிகள் கரைக்கு வரும்போது, தூண்டில் ஏமாற்றியவர்கள் அங்கேயே மீன் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அதைத் தாமே பிடித்ததாகச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம்.