நாய்க்கு வீட்லயே ட்ரீட் பண்றீங்களா, முதல்ல கலோரி கணக்கு போடுங்க

கடை ட்ரீட் பாக்கெட்டைத் திருப்பி அதுல போட்டிருக்கற பேர்ல பாதி புரியாம, சரி நாமளே பண்ணிக்கலாம்னு இறங்கினவங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும் அந்த கோஷ்டிதான். பண்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஆனா "வீட்ல பண்ணதுதானே, ஒண்ணும் பண்ணாது"ன்னு கையில வந்ததை அள்ளிப் போடறோம் பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது.

டாக்டருங்க பொதுவா சொல்ற கணக்கு, நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரில 10 சதவீதத்துக்கு மேல ட்ரீட்டா போகக் கூடாதுங்கறது. மீதி எல்லாம் சத்து சரிவிகிதமா இருக்கற அதோட வழக்கமான சாப்பாட்ல இருந்துதான் வரணும். கருத்தடை பண்ண, வளர்ந்த, 10 கிலோ நாய்னு வெச்சுக்கோங்க, அதுக்கு தோராயமா 600 கலோரி, அப்போ ட்ரீட்டுக்கு 60 தான். ஒரு அவிச்ச முட்டை குடுத்தாலே 70 ஆயிடும். ஒரு டேபிள்ஸ்பூன் பீனட் பட்டர் 90ஐத் தாண்டும். அதையும் நக்கக் குடுத்துட்டு நடுவுல பிஸ்கட், ராத்திரி கொஞ்சம் சிக்கன்னு போனா அது ட்ரீட் இல்ல, இன்னொரு வேளை சாப்பாடு.

நான் அடிக்கடி பண்றது ஓட்ஸ் பிஸ்கட். ஓட்ஸை மிக்ஸில பொடிச்சு ஒன்றரை கப், அவிச்சு மசிச்ச மஞ்சள் பூசணி அரை கப், ஒரு முட்டை, அவ்ளோதான். உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம், உப்பி வந்து அழகா இருக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்தா. நமக்கு நாக்குல கிட்டத்தட்ட 9000 சுவை மொட்டு இருக்குன்னா நாய்க்கு 1700 தான், அது வாசனையை வெச்சுத்தான் பாதி முடிவு பண்ணுது. மாவு கையில ஒட்டினா இன்னும் கொஞ்சம் ஓட்ஸ் தூவிக்கோங்க, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு கத்தியால குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு 100 துண்டு ஆக்கிடுங்க. எலும்பு ஷேப் அச்சு எல்லாம் போட்டோவுக்குத்தான். 175 டிகிரில 25 நிமிஷம் போல, ஓரம் லேசா செவக்கற வரைக்கும் வெச்சு, ஓவனை ஆஃப் பண்ணிட்டு உள்ளேயே விட்டுடுங்க, ஆறும்போது மொறுமொறுன்னு ஆயிடும். மொத்தமா சுமார் 700 கலோரி வரும், அப்போ ஒரு துண்டு சுமார் 7 கலோரி, 10 கிலோ நாய்க்கு அன்னிக்கு வேற எதுவும் குடுக்கலைன்னா 8 துண்டு தாராளம்.

துண்டு எவ்ளோ சின்னதுன்னு அது பார்க்கறதே இல்லங்க, எங்க ஆளு மெல்லக் கூட மாட்டான், கையில இருந்து நழுவறதுக்குள்ள தொண்டையைத் தாண்டியிருக்கும், அடுத்து இன்னொண்ணு வருமான்னு விரல் இடுக்கு வரைக்கும் மூக்கை விட்டு மோந்துட்டிருப்பான். அதனால ட்ரெயினிங்குக்கு ஒரு துண்டை நாலா உடைச்சே குடுக்கலாம், ஒண்ணுக்கு நாலு தடவை சந்தோஷம்.

மாவே வேண்டாம்னு நினைக்கறவங்க சர்க்கரைவள்ளிக்கிழங்கை அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வர்ற மாதிரி நீளமா சீவி 120 டிகிரில மூணு மணி நேரம், நடுவுல ஒரு தடவை திருப்பிப் போட்டு காய வைங்க, தோல் மாதிரி இழுபடும், கொஞ்ச நேரம் கடிச்சிட்டிருக்கும். தண்ணி வத்தி எடை குறையும், ஆனா கலோரி அப்படியேதான் இருக்கும், லேசா இருக்கேன்னு நாலஞ்சு நீட்டிடாதீங்க.

சிக்கன் காய வைக்கறதா இருந்தா பச்சையா அப்படியே கம்மி சூட்டுல போடாதீங்க. மேல காஞ்சு போச்சுன்னா உள்ள இருக்கற கிருமிக்கு சூட்டைத் தாங்கற சக்தி கூடிடும், அதனால முதல்ல அவிச்சு உள் பக்கம் 74 டிகிரி போனப்புறம்தான் உலர்த்தணும். ஈரல்னா நாய்ங்க உயிரை விடும், ஆனா அதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி, தினம் குடுக்கற பொருள் இல்ல, எப்பவாவது சுண்டு விரல் நகம் அளவு போதும். இது எதுக்கும் பொறுமை இல்லையா, ஒரு கேரட்டை சின்னதா நறுக்கிக் குடுங்க, 100 கிராமுக்கே 40 சொச்சம் கலோரிதான்.

பீனட் பட்டர் சேர்க்கறவங்க லேபிளை ஒரு தடவை வாய்விட்டு படிங்க. சைலிட்டால்னோ பிர்ச் சுகர்னோ இருந்தா அந்த பாட்டில் நாய் பக்கமே போகக் கூடாது. நமக்கு சாதாரண இனிப்பு அது, நாய்க்கு உள்ள போனதும் இன்சுலின் ஏகத்துக்கும் சுரந்து சர்க்கரை தடால்னு இறங்கிடும், ஈரலும் கெட்டுப் போகலாம். வெங்காயம், பூண்டு, பச்சையோ பொடியோ, ரெண்டும் ரத்த சிவப்பணுவை உடைக்கும், வாசனைக்குத்தானேன்னு சூப் பொடி தூவறது இங்கதான் மாட்டும். திராட்சை, உலர் திராட்சை கிட்னியை அடிக்கும், இவ்ளோ தின்னா பரவாயில்லைன்னு எந்த நாய்க்கும் முன்கூட்டி சொல்ல முடியாது. சாக்லேட் எல்லாருக்கும் தெரியும். ஜாதிக்காய், மக்கடாமியா பருப்பு, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வெச்ச பச்சை மாவு, இதெல்லாம் பாதி பேருக்குத் தெரியாது, அந்த மாவு வயித்துக்குள்ள போயும் உப்பும், ஆல்கஹாலும் உண்டாக்கும். தப்பித்தவறி எதையாவது தின்னுடுச்சுன்னா நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாக்கெட்டைக் கையில எடுத்துக்கிட்டு டாக்டருக்கு போன் போடுங்க.

புதுசா ஒண்ணு சேர்க்கறதா இருந்தா ஒரு நேரத்துல ஒரு பொருள் மட்டும், ரெண்டு மூணு நாள் வயித்தைப் பார்த்துட்டு அடுத்தது. மூணையும் ஒண்ணா போட்டுட்டு சொறிஞ்சா எதை நிறுத்தறது? கணைய பிரச்சனை, கிட்னி பிரச்சனை, சுகர் இருக்கற நாய்னா மேல சொன்ன எதையுமே டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

கெடாம இருக்க எதுவும் போடலைங்கறதால இது ரொம்ப நாள் தாங்காது. நல்லா ஆறினப்புறம் மட்டும் டப்பால போடுங்க, சூட்டோட மூடினா வேர்த்து சீக்கிரம் வீணாயிடும். மூணு நாலு நாளைக்கு வேண்டியதை ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு மீதியை ஃப்ரீசருக்கு அனுப்பிடுங்க. ஒரே ஒரு துண்டுல பூஞ்சை தெரிஞ்சாலும் அதை மட்டும் பொறுக்கிப் போட்டுட்டு மத்ததைக் குடுக்கற வேலை வேண்டாம், டப்பாவோட மொத்தமும் குப்பைக்கு.