நார்விக்கோடு முடியும் தண்டவாளம்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு. ஹாம்பர்க்

முடிவு பண்ணிவிட்டேன். மே கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்ததும், ஜூனில் ரயிலேறி வடக்கே போகிறேன். டென்மார்க், ஸ்வீடன், முடிந்தால் பின்லாந்து, கடைசியில் நார்வே. தனியாக.

இந்த வருடமே போக வேண்டும். ஒரே பாஸில் ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களில் போகலாம், அதுதான் இன்டர்ரெயில். அந்த இன்டர்ரெயில் பாஸில் இளையோர் கட்டணம் 27 வயது வரைதான், கால்வாசி குறையும். நவம்பரில் எனக்கு 28 ஆகிவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்பதால், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கான யூரெயில் பாஸ்தான் வாங்க முடியும் என்று விடுதியில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். தேடிப் பார்த்தால் அப்படியில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதல்ல, எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஜெர்மனியில் வசிக்கும் அனுமதி அட்டை என்னிடம் இருக்கிறது, அது போதும். குடியிருக்கும் நாடான ஜெர்மனிக்குள் மட்டும், நாட்டைவிட்டு வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்தான் பாஸ் செல்லும். எனக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான் எடுக்கப்போவது ஒரு மாதத்துக்குள் ஏழு பயண நாள் தரும் பாஸ். ஒரு நாளில் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம், ஆனால் ஏறிய நாள் கழிந்தது கழிந்ததுதான். இரவு ரயிலில் ஒரு சலுகை உண்டு. இன்று ஏறி நாளை இறங்கினால், நாளை வேறு ரயில் பிடிக்காதவரை, ஏறிய நாள் மட்டும்தான் கணக்கு. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து நோட்டில் கட்டம் போட்டு அடித்து, திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் திட்டத்தில் ஹெல்சின்கி இருந்தது. ஸ்வீடனின் வடகிழக்கு ஓரத்தில் ஹாப்பராண்டா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பின்லாந்தின் டோர்னியோ. இந்தப் பக்கத் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம், அந்தப் பக்கம் 1,524. பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தபோது 1862-ல் முதல் பாதை போட்டார்கள், அந்த அளவே நிலைத்துவிட்டது. ஆற்றின் மேல் பாலத்தில் இரண்டு அளவும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். அந்தப் பாலத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் பின்லாந்தைச் சேர்த்தால் மூன்று நாள் கூடுதலாகக் கரைகிறது. அடித்துவிட்டேன். மனசே ஆறவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே ஒரு இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே போகும் இரவு ரயில் ஸ்வீடனின் கிருணா, அபிஸ்கோ ஊர்களைத் தாண்டி நார்வேயின் நார்விக் துறைமுகத்தில் முடிகிறது. கிருணாவின் இரும்புத் தாதுவுக்காகப் போட்ட பாதை அது. ஸ்வீடன் பக்கத்து லூலியோ துறைமுகம் குளிர்காலத்தில் உறைந்துவிடும். நார்விக் இன்னும் வடக்கே இருந்தும், அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டத்தால் உறைவதில்லை. அதனால்தான் 1903-ல் மலையைக் குடைந்து, எல்லை தாண்டி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். நார்வேயின் மற்ற ரயில் பாதைகளோடு நார்விக்குக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தெற்கே போடோவில்தான் அவர்கள் பாதை மறுபடி ஆரம்பிக்கிறது. நடுவே பஸ்தான். அந்த பஸ்ஸும் ஓரிடத்தில் படகில் ஏறித்தான் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல்கால் ஒன்றைக் கடக்கிறது.

ஏன் இணைக்கவில்லை என்று படிக்கப் போனவள் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் நார்வேயைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படை தெற்கிலிருந்து வரும் பாதையை நார்விக்கையும் தாண்டி வடகோடி வரைக்கும் நீட்டப் பார்த்திருக்கிறது. வேலை செய்தவர்கள் போர்க்கைதிகள், பெரும்பாலும் சோவியத் கைதிகள். பனியிலும் பட்டினியிலும் ஏராளமானவர்கள் செத்திருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு மிச்சத்தை நார்வே தானே போட்டு 1962-ல் போடோவைத் தொட்டது. டிரான்ட்ஹெய்மிலிருந்து 729 கிலோமீட்டர். அதற்கு வடக்கே இன்றுவரை அந்தத் தண்டவாளம் போகவில்லை.

போடோவிலிருந்து கீழே வரும்போது நான் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப்போவது அந்தப் பாதையில்தான். ஸால்ட்ஃப்யெல் மலைமேல் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் இடத்தில் எல்லோரும் போட்டோ எடுப்பார்களாம். நான் அந்தக் கைதிகளை நினைத்துக்கொள்வேன்.

எல்லாரும் விமானம்தான் சுலபம் என்கிறார்கள். அந்த பஸ்ஸை என் திட்டத்திலிருந்து எடுக்க மாட்டேன்.

மார்ச் 22, சனி

தப்பு பண்ணிவிட்டேன். இரவு ரயிலுக்கு பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனியாக ரிசர்வேஷன் போட வேண்டும். ஜூன் 19 வியாழன் என்று வைத்துத் தேடினால் படுக்கை ஒன்றுகூட இல்லை. உட்காரும் சீட் மட்டும் இருந்தது, அவசரத்தில் அதையே போட்டு, பணம் கட்டிய பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் மிட்சம்மர். ஜூன் 19-லிருந்து 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடனில் கிறிஸ்துமஸ் மாதிரி. கடைகள் மூடிக்கிடக்கும், ஊரே கிராமத்துக்குக் கிளம்பிவிடும். நான் அபிஸ்கோவில் இறங்கும்போது ரொட்டி வாங்கக்கூட கடை திறந்திருக்காது. கட்டிய பணம் போனது. வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளினேன். 26-ஆம் தேதி, ஆறு பேர் படுக்கும் அறையில் மேல் படுக்கை. தள்ளியதில் ஒன்று தானாக அமைந்தது. ஜூன் 23 ராத்திரி கோபன்ஹேகனில் இருப்பேன். அன்றைக்கு டென்மார்க்கில் ஸாங்க்ட் ஹான்ஸ், கடற்கரை எங்கும் தீ மூட்டிப் பாடுவார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று அம்மா மண்டபத்திலிருந்து பேசினாள். புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தாச்சாம். 2022 டிசம்பரிலிருந்து ரயில் மண்டபத்தோடு நின்று போயிருந்தது.

"தூக்குப் பாலம் லிஃப்ட் மாதிரி நேரே மேலே போகுதுடி, கப்பல் கீழே போகுது"ன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்த உற்சாகத்தோடேயே சொன்னேன், நானும் கடல் பாலத்தில் போகப்போகிறேன் என்று. கோபன்ஹேகனிலிருந்து மால்மோ போகும்போது முதலில் நான்கு கிலோமீட்டர் கடலுக்கு அடியில் சுரங்கம். பக்கத்திலேயே விமான நிலையம், பாலம் உயரமாக நின்றால் விமானத்துக்கு இடைஞ்சல். பிறகு மண் கொட்டி உண்டாக்கிய தீவு ஒன்று, அதன்பின் கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் பாலம். மேல்தளத்தில் கார், கீழ்தளத்தில் ரயில்.

"அதெல்லாம் சரி. கூட யாரு வர்றா?"

"யாரும் இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ராமேஸ்வரத்துக்கே நான் தனியா ஒரு தடவை ரயில்ல போனதில்ல" என்றாள். கோபமில்லை, வருத்தமும் இல்லை. அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் இறங்கினதும் ஸ்டேஷன் பெயர்ப் பலகையை போட்டோ எடுத்து அனுப்பணும் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

மே 11, ஞாயிறு

திட்டம் முடிந்தது. ஏழு நாளும் இப்படி:

ஹாம்பர்க் – கோபன்ஹேகன். கோபன்ஹேகன் – ஸ்டாக்ஹோம். ஸ்டாக்ஹோம் – அபிஸ்கோ. போடோ – டிரான்ட்ஹெய்ம். டிரான்ட்ஹெய்ம் – ஒஸ்லோ. ஒஸ்லோ – பெர்கன். கடைசி நாள் டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸிலிருந்து வீடு.

பெர்கனிலிருந்து ரயிலில் திரும்பினால் எட்டாவது நாள் வேண்டும். அங்கிருந்து ஹிர்ட்ஸ்ஹால்ஸுக்கு ஒரு கப்பல் இருக்கிறது, ராத்திரி முழுக்கக் கடலில். அதைக் கண்டுபிடித்த அன்று எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன், அவ்வளவு சந்தோஷம். அபிஸ்கோ – நார்விக் ஒன்றரை மணி நேரம்தான், அதற்கு ஒரு நாளைச் செலவழிக்காமல் தனி டிக்கெட் வாங்குகிறேன்.

போடோவிலிருந்து பகல் ரயிலை விட்டு இரவு ரயில் எடுத்திருக்கிறேன். ஜூலை முதல் வாரம், இருட்டவே போவதில்லை. ஜன்னலோரம் கேட்டிருக்கிறேன்.

கிருணாவில் ஒரு வருத்தம். சுரங்கத்தால் நிலம் இறங்குவதால் ஊரையே இடம் மாற்றுகிறார்கள். 1912-ல் கட்டிய மரத் தேவாலயத்தை அப்படியே தூக்கிச் சக்கரத்தில் வைத்து இந்த ஆகஸ்டில் நகர்த்துகிறார்கள். நான் கடப்பதோ ஜூனில்.

ஜூன் 15, ஞாயிறு

பை ஒன்பது கிலோ. மழைச் சட்டை, கொசு வலைத் தொப்பி, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி. நார்வேயில் வெளியே சாப்பிட்டால் கட்டாது, விடுதி அடுப்பில் சோறு வடித்துக்கொள்வேன்.

கண்ணை மூடிக்கொள்ள ஒரு பட்டை தைத்தேன், ராத்திரியிலும் வெளிச்சம் என்பதால். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டு, கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி. ஒற்றைத் துணியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. நான்காக மடித்து, மூக்குக்குப் பிறை மாதிரி வெட்டி, ஓரத்தை இரண்டு தரம் ஓட்டினேன். போட்டுக்கொண்டு மத்தியானம் ஜன்னலைப் பார்த்து நின்றேன். இருட்டு. பீரோ வாசனை இன்னும் போகவில்லை.

ஜூன் 21, சனி

காலையில் ரயில். அம்மா இரண்டு தடவை போன் பண்ணி பாஸ்போர்ட்டைப் பற்றியே கேட்டாள். பாஸ்போர்ட்டும் அட்டையும் இடுப்புப் பையில், எல்லையில் கேட்பார்கள்.

வைக்கும் முன்னால் சொன்னாள்: அடுத்த வெள்ளிக்கிழமை ராமேஸ்வரம் போகிறாளாம், ரயிலில். கூட யார் என்று நான் கேட்கவில்லை. போர்டை போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.